மானிட்டரில் படம் கெட்டால் எங்கே தேடுவது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லேப்டாப் திரையில் பளிச்சென்று இருந்த எழுத்து, பக்கத்தில் வைத்த பெரிய மானிட்டரில் பஞ்சு மாதிரி தெரிகிறது. கறுப்பு சாம்பலாக வெளிறிப்போகிறது. வேலை நடுவே திரை ஒரு நொடி இருண்டு திரும்புகிறது. இப்படி ஏதாவது நடந்தால் கை தானாகப் போவது மானிட்டரின் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் பொத்தான்களுக்குத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. அவற்றை மாற்ற மாற்ற, பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன்மேல் புதிதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது.

படம் கண்ணுக்கு வருவதற்குள் நான்கு கை மாறுகிறது. இயங்குதளம் வரைகிறது, கிராஃபிக்ஸ் கார்டு அதைச் சிக்னலாக்கி அனுப்புகிறது, கேபிள் சுமக்கிறது, மானிட்டர் வாங்கித் தன் பேனலில் காட்டுகிறது. எந்தக் கையில் கெட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. கீழே எந்த அறிகுறிக்குப் போவதானாலும் இந்த இரண்டையும் முதலில் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: ஸ்கிரீன்ஷாட்

கோளாறு தெரியும்போதே அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபோனிலோ வேறொரு கம்ப்யூட்டரிலோ திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது இயங்குதளம் வரைந்து முடித்த படம். கேபிளையும் மானிட்டரையும் அது பார்த்ததே இல்லை. அதிலும் மங்கல் தெரிந்தால் கோளாறு மென்பொருளில். அதில் சுத்தமாக இருந்து மானிட்டரில் மட்டும் கெட்டிருந்தால், சிக்னலிலோ கேபிளிலோ மானிட்டரிலோ.

விண்டோஸில் இதே ஸ்கிரீன்ஷாட் இன்னொரு தகவலும் தரும். அந்த ஒரு மானிட்டரை மட்டும் முழுதாக எடுத்து, கோப்பின் அகல உயரத்தைப் பாருங்கள். 1920×1080 மானிட்டருக்கு 1366×768 என்று வந்தால், தேடியது அகப்பட்டுவிட்டது. மேக்கில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அது உள்ளே பெரிதாக வரைந்து சுருக்கி அனுப்பும் வழக்கமுள்ளது.

ஒரு எச்சரிக்கை. நைட் லைட் (இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு) மாதிரியான நிற மாற்றங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் கடைசிப் படியில் சேர்க்கப்படுவதால், பொதுவாக ஸ்கிரீன்ஷாட்டில் பதியாது. ஆகவே நிறக் கோளாறுக்கு இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டாம் சோதனை: மானிட்டரின் சொந்த மெனு

மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு மெனு வருமே, அதைக் கம்ப்யூட்டர் வரைவதில்லை. மானிட்டரே வரைகிறது. படம் மங்கலாக இருக்கும்போது அந்த மெனுவின் எழுத்து கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக இருந்தால், பேனல் நலமாக இருக்கிறது. அதற்கு வந்து சேரும் சிக்னல்தான் சரியில்லை. மெனுவும் சேர்ந்தே மினுங்கினால், அதன் மேலேயும் கோடு ஓடினால், கோளாறு மானிட்டருக்குள். கேபிளைக் கழற்றிவிட்டு 'சிக்னல் இல்லை' என்று வரும் பெட்டியையும் இதேபோல் பார்க்கலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் புதுக் கேபிளும் புது மானிட்டரும் வாங்குபவர்கள் ஏராளம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அறிகுறி: எழுத்து மங்கல்

அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

தட்டைத் திரையில் உள்ள பிக்சல்கள் எண்ணி வைத்தவை. 2560×1440 பேனலுக்கு 1920×1080 படம் அனுப்பினால், ஒரு பிக்சலின் சரக்கை ஒன்றேகால், ஒன்றரைப் பிக்சலுக்குப் பங்குபோட வேண்டிவரும். 1440-ஐ 1080-ஆல் வகுத்தால் 1.33, முழு எண் இல்லை. அதனால் எழுத்தின் ஒவ்வொரு விளிம்பும் பக்கத்துப் பிக்சலில் கசியும். விண்டோஸில் செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்பிளே போய், மேலே அந்த மானிட்டரின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருக்கும் ரெசல்யூஷனை வையுங்கள். பிறகு அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' திறந்தால் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு எண்கள் காட்டும். இரண்டும் ஒன்றாகவும், மானிட்டரின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணாகவும் இருக்க வேண்டும். வேறுபட்டால் நடுவில் யாரோ படத்தை இழுத்து நீட்டுகிறார்கள் என்று பொருள்.

லேப்டாப்பில் இதற்கு வழக்கமான காரணம் 'டூப்ளிகேட்' முறை. இரண்டு திரையிலும் ஒரே படம் காட்ட வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனுக்கு இறங்கியாக வேண்டும். விண்டோஸ் விசையையும் பி-யையும் (P) சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' அல்லது 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' தேர்ந்தெடுத்தால் அந்த நொடியே எழுத்து தெளிந்துவிடும்.

சரியான ரெசல்யூஷன் பட்டியலிலேயே இல்லையென்றால்? மானிட்டர் தன்னைப் பற்றி கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறு தகவல் தொகுப்பு ஒன்று உண்டு, இடிஐடி என்பார்கள். நடுவில் ஸ்பிளிட்டர், கேவிஎம் சுவிட்ச் (ஒரே மானிட்டரைப் பல கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் பெட்டி), மலிவான அடாப்டர் இருந்தால் அந்தத் தகவல் போய்ச் சேராமல், கம்ப்யூட்டர் 1024×768 போல ஏதோ ஒன்றுக்கு இறங்கிவிடும். நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றி நேரடியாக இணையுங்கள். மானிட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள்; பவர் பொத்தானை அணைப்பது போதாது, அப்போது உள்ளே பாதி விழித்துக்கொண்டுதான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. மேசைக் கம்ப்யூட்டரானால், கேபிள் மதர்போர்டின் போர்ட்டில் செருகியிருக்கிறதா, தனி கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள்.

ரெசல்யூஷன் சரி, ஆனால் சில மென்பொருள்கள் மட்டும் மங்கல் என்றால் அது ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் பொத்தான்களையும் சதவீதக் கணக்கில் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு. இங்கேதான் ஸ்கிரீன்ஷாட் சோதனை கைகொடுக்கும்: மங்கல் அதிலும் பதிந்திருக்கும். லேப்டாப் 150 சதவீதம், மானிட்டர் 100 சதவீதம் என்று இருக்கும்போது, பழைய மென்பொருள்கள் ஒரு அளவில் வரைந்ததை விண்டோஸ் படமாக எடுத்து நீட்டிச் சுருக்குகிறது. ஸ்கேலிங்கை மாற்றிய பிறகு ஒருமுறை சைன்-அவுட் செய்து வாருங்கள்; பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். பிடிவாதம் பிடிக்கும் மென்பொருளுக்கு, அதன் ஐகானில் வலது கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ் → கம்பாட்டிபிலிட்டி → 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' போய், கீழே உள்ள 'ஓவர்ரைடு' பெட்டியில் டிக் போட்டு 'அப்ளிகேஷன்' தேர்ந்தெடுங்கள். எழுத்து சிறுத்துப்போகலாம், ஆனால் கூர்மை திரும்பும். கஸ்டம் ஸ்கேலிங் என்று 110, 115 போன்ற எண்களைத் தட்டிப்போடாதீர்கள். 100, 125, 150, 175, 200 இவற்றில் ஒன்றோடு நிற்பது நல்லது.

விண்டோஸில் எல்லா எழுத்தும் விளிம்பில் சிவப்பு நீலமாகத் தெரிந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று தேடி அந்த ஐந்து பக்கத் தேர்வை அந்த மானிட்டரிலேயே செய்யுங்கள். கிளியர்டைப், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் இடமிருந்து வலமாக அடுக்கியிருப்பதாக எண்ணி வரைகிறது. மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்த அடுக்கு கலைந்துவிடும். ஓஎல்இடி மானிட்டர்கள் சிலவற்றில் அடுக்கே வேறு மாதிரி. கியூடி-ஓஎல்இடியில் முக்கோணமாக இருக்கும். அங்கே கொஞ்சம் நிற விளிம்பு தெரிவது பேனலின் இயல்பு.

மேக்கில் கதை வேறு. 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து அந்தப் பட்டைக் கணக்கு எழுத்து வரைவதையே ஆப்பிள் இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டது. 27 அங்குலம் 2560×1440 மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல். அந்த அடர்த்தியில் மேக்கின் எழுத்து மெலிந்தும் மழுங்கியும்தான் தெரியும். 4கே (3840×2160) மானிட்டரானால் 'லுக்ஸ் லைக் 1920×1080' தேர்வு சரியாக இரண்டு மடங்கு, மிகக் கூர்மை. 'லுக்ஸ் லைக் 2560×1440' வைத்தால் 5120×2880-இல் வரைந்து 3840×2160-க்குச் சுருக்குகிறது. சற்றே கூர்மை குறையும், பலருக்கு அது உறுத்துவதில்லை.

மானிட்டரின் ஷார்ப்னஸ் தேர்வையும் பாருங்கள். கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் தெரிந்தால் ஷார்ப்னஸ் கூடிப்போயிருக்கிறது. இதற்குப் பொதுவான சரி எண் கிடையாது. சில மானிட்டரில் 0, சிலவற்றில் 50தான் நடுநிலை. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்து, ஒளிவட்டம் மறையும் வரை இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் எழுத்து குழையும். 'சூப்பர் ரெசல்யூஷன்' மாதிரிப் பெயரில் இருக்கும் எதையும் அணைத்துவிடுங்கள்.

கறுப்பு எழுத்து நன்றாக இருந்து, நிற எழுத்து மட்டும் குழைகிறதா? இது தனி நோய். கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை வையுங்கள். எழுத்தின் கோடுகள் தெளிவில்லாமல், ஈரத்தாளில் மை ஊறினாற்போல் பரவித் தெரிந்தால் நிறத் தகவல் வெட்டப்பட்டு வருகிறது. சிக்னலுக்கு இடம் போதாதபோது வெளிச்சத்தை முழுதாகவும், நிறத்தை இரண்டு அல்லது நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் அனுப்பும் முறை இது. 4:2:2, 4:2:0 என்று குறிப்பார்கள். சினிமாவுக்கு அது போதும். எழுத்துக்குப் போதாது. கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளில் நிற வடிவத்தை ஆர்ஜிபி அல்லது 4:4:4 (இரண்டும் நிறத்தை வெட்டாமல் முழுதாக அனுப்புபவை) ஆக்குங்கள். அந்தத் தேர்வு வரவே இல்லையென்றால், கீழே '30 ஹெர்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். இடப்பற்றாக்குறைதான் இரண்டுக்கும் வேர்.

விஜிஏ (பழைய அனலாக் இணைப்பு) கேபிளில் வந்த மங்கல் என்றால் முதல் ஆலோசனை விஜிஏவைக் கைவிடுவதுதான். வேறு வழியில்லை என்றால், திரையில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் செங்குத்துக் கோடுகளை முழுத்திரையாக வைத்து, மானிட்டரில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' அழுத்துங்கள். வெறும் நீலத் திரையில் அழுத்தினால் அதற்கு விளிம்பு எங்கே என்றே தெரியாது. பின்னும் அகலமான சாம்பல் பட்டைகள் நின்றால் 'கிளாக்' எண்ணை நகர்த்திப் பட்டைகளைப் போக்குங்கள். கோடுகள் நடுங்கினால் 'ஃபேஸ்' எண்ணை நகர்த்துங்கள். இந்த வரிசை முக்கியம், கிளாக் முதலில். எழுத்தின் வலப்பக்கம் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து தெரிந்தால் கேபிள் மட்டம். எந்தப் பொத்தானும் அதைச் சரிசெய்யாது.

எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து கரடுமுரடாக, படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தால் அது மங்கல் இல்லை, அடர்த்திக் குறைவு. 1920×1080-ஐ 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 92 பிக்சல்; 27-இல் 82; 32-இல் 69. இதற்கு மருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவது, அல்லது வேறு மானிட்டர்.

அறிகுறி: கறுப்பு சாம்பலாக வெளிறுகிறது, அல்லது இருட்டுக் காட்சியில் எதுவுமே தெரியவில்லை

எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டுக்கும் ஒரே காரணம்தான் பெரும்பாலும். கம்ப்யூட்டர் படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. டிவி உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. எச்டிஎம்ஐ டிவி உலகத்திலிருந்து வந்தது. 1920×1080 போன்ற டிவி அளவுகளைக் கண்டால் எதிரே டிவி இருப்பதாக எண்ணி டிரைவர் 16–235 அனுப்பிவிடுவதுண்டு. மானிட்டரோ 0–255 எதிர்பார்க்கிறது. அப்போது 16 என்று வந்த கறுப்பை அது கறுப்பாகவே ஒப்புக்கொள்ளாது, சாம்பலாகக் காட்டும். 235 வெள்ளை அழுக்கடைந்து நிற்கும். தலைகீழாக, கம்ப்யூட்டர் 0–255 அனுப்பி மானிட்டர் 16–235 என்று படித்தால், 16-க்குக் கீழே உள்ள நிழல் விவரம் அத்தனையும் ஒரே கறுப்பில் மூழ்கிப்போகும்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கம் போங்கள். ரெசல்யூஷன் பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும்; மேலே 'அல்ட்ரா எச்டி, எச்டி, எஸ்டி', கீழே 'பிசி'. கீழே உள்ளதில் அதே எண் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' வைத்து, கலர் ஃபார்மட் ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்ச் 'ஃபுல்'. ஏஎம்டி அட்ரினலினில் டிஸ்பிளே பகுதியில் 'பிக்சல் ஃபார்மட்' என்ற இடத்தில் 'ஆர்ஜிபி 4:4:4, பிசி ஸ்டாண்டர்ட், ஃபுல்'. இன்டெலில் தேட வேண்டிய சொல் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்'. மானிட்டர் பக்கமும் இதற்கு ஒரு தேர்வு இருக்கும்: 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்', 'ஆர்ஜிபி ரேஞ்ச்', 'இன்புட் ரேஞ்ச்' என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதே விதி. ஒரு பக்கத்தை மாற்றிவிட்டுச் சரியாகவில்லையே என்று மறுபக்கத்தையும் மாற்றினால், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

சரிபார்க்க, 0 முதல் 25 வரை ஒவ்வொரு படியாக ஏறும் கறுப்புக் கட்டங்கள் உள்ள சோதனைப் படம் ஒன்றை இருட்டறையில் பாருங்கள். 0 முழுக் கறுப்பாகவும், நாலைந்தாம் கட்டத்திலிருந்து மெல்லிய வித்தியாசமும் தெரிந்தால் நலம். 16 வரை எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தால் நிழல் விழுங்கப்படுகிறது.

வெளிறலுக்கு இன்னொரு காரணம் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் அகன்ற வீச்சில் காட்டும் முறை. அது செயலில் இருக்கும்போது சாதாரண டெஸ்க்டாப்பை விண்டோஸ் மறுகணக்குப் போட்டுக் காட்டுகிறது. பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்த முடியாத மானிட்டரில் அது உயிரில்லாமல் தெரியும். விண்டோஸ் + ஆல்ட் + பி (B) அழுத்தி அணைத்துப் பாருங்கள். நிறம் திரும்பினால், எச்டிஆர் சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் போதும். எப்போதும் வைத்திருக்க விரும்பினால் எச்டிஆர் பக்கத்தில் 'எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ்' என்ற நகர்த்தியைச் சரிசெய்யுங்கள்.

வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் மானிட்டர் மெனுவில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'ஈகோ', சுற்றுவெளிச்ச உணரி மூன்றையும் அணையுங்கள்.

அறிகுறி: நிறம் ஒரு பக்கம் சாய்கிறது

வெள்ளைப் பக்கம் மஞ்சளாக இருந்தால் முதலில் நைட் லைட், பிறகு மானிட்டரின் 'லோ புளூ லைட்' அல்லது 'ரீடிங்' முறை. கலர் டெம்பரேச்சரை 6500கே அல்லது 'நார்மல்' வையுங்கள்.

உலாவியில் வெள்ளை வெள்ளையாக இருந்து, புகைப்படம் பார்க்கும் செயலியில் மட்டும் மஞ்சளடித்தால் அது கெட்டுப்போன நிறப் புரொஃபைல். கன்ட்ரோல் பேனலில் 'கலர் மேனேஜ்மென்ட்' திறந்து, அந்த மானிட்டரைத் தேர்ந்து, பட்டியலில் இருக்கும் புரொஃபைலை நீக்கி எஸ்ஆர்ஜிபியை (பொதுவான நிறத் தரம்) இயல்பாக்குங்கள்.

விஜிஏவில் முழுத்திரையும் ஒரே சாயம் பூசினாற்போல் இருந்தால் ஒரு ஊசி வளைந்திருக்கிறது, அல்லது கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. மஞ்சள் என்றால் நீலம் வரவில்லை. மெஜந்தா என்றால் பச்சை வரவில்லை. நீலப்பச்சை என்றால் சிவப்பு வரவில்லை. எச்டிஎம்ஐயில் படம் முழுக்கப் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கந்தலாகத் தெரிந்தால், ஒரு பக்கம் ஆர்ஜிபி பேச, மறுபக்கம் வேறு வடிவமாகப் படிக்கிறது. கேபிளைக் கழற்றிச் செருகினால் பேச்சுவார்த்தை மறுபடி நடக்கும். தீராவிட்டால் டிரைவரில் ஆர்ஜிபியை வலிந்து தேர்ந்தெடுங்கள்.

சிவப்பும் பச்சையும் கண்ணைக் குத்தினால், அகன்ற நிறவெளி கொண்ட மானிட்டரில் சாதாரணப் படம் அதன் முழு வலிமையில் காட்டப்படுகிறது. மெனுவில் 'எஸ்ஆர்ஜிபி' முறை இருக்கும்.

அறிகுறி: படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது

டிவியை மானிட்டராக வைத்தவர்களுக்கு வருவது. டிவி படத்தைச் சிறிது பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. வெட்டுவதோடு எழுத்தும் மங்கும். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' இவற்றில் ஏதாவது ஒரு பெயரில் தீர்வு இருக்கும். டிவியில் அந்த இன்புட்டின் பெயரையே 'பிசி' என்று மாற்றினால், பல டிவிகள் தேவையற்ற படச் சிங்காரிப்புகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். சுற்றிலும் கறுப்பு ஓரம் இருந்தால் இதற்கு நேரெதிர்; ஏஎம்டி மென்பொருளில் 'எச்டிஎம்ஐ ஸ்கேலிங்' நகர்த்தியை 0 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: 4கே வருகிறது, ஆனால் 30 ஹெர்ட்ஸ், மவுஸ் இழுபடுகிறது

இங்கே கணக்குப் போட்டால்தான் கேபிள், அடாப்டர், போர்ட் மூன்றில் குற்றவாளி யார் என்று தெரியும்.

3840×2160, நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்), நிறத்துக்கு 8 பிட் என்றால் எச்டிஎம்ஐ வழியில் நொடிக்குச் சுமார் 14.26 கிகாபிட் தேவை. எச்டிஎம்ஐ 2.0-இன் 18 கிகாபிட்டில் படத்துக்கு உண்மையில் கிடைப்பது 14.4. அதாவது நூலிழையில் உள்ளே நுழைகிறது. அதனால்தான் எச்டிஆர் போட்டு 10 பிட்டுக்குப் போனதும் 4:2:2-க்கு இறங்கி எழுத்து குழைகிறது. எச்டிஎம்ஐ 1.4-இல் கிடைப்பது 8.16 கிகாபிட் மட்டும்; 4கே 30 ஹெர்ட்ஸ், அல்லது சில சாதனங்களில் 4:2:0-இல் 60 ஹெர்ட்ஸ், அவ்வளவே.

சில 4கே மானிட்டர்களும் டிவிகளும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எச்டிஎம்ஐயை 1.4 நிலையில் வைத்திருக்கும். மெனுவில் 'எச்டிஎம்ஐ 2.0', 'யூஎச்டி கலர்', 'டீப் கலர்' மாதிரி ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள். டிஸ்பிளேபோர்ட்டுக்கும் 1.1, 1.2, 1.4 என்று தேர்வு இருக்கும் மானிட்டர்கள் உண்டு. பெரிய எண்ணை வையுங்கள்.

யூஎஸ்பி-சி ஹப் நடுவே இருந்தால் சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள். யூஎஸ்பி-சி-யில் வேகத் தகவலுக்கு நான்கு தடங்கள். ஹப்பில் வேகமான யூஎஸ்பி 3 போர்ட்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு தடம் அதற்குப் போய், மீதி இரண்டுதான் படத்துக்கு. லேப்டாப் டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகம் மட்டும் தந்தால் அந்த இரண்டு தடத்தில் 8.64 கிகாபிட், 4கே 60-க்கு டிஸ்பிளேபோர்ட் வழியில் தேவையான 12.8-க்குக் காத தூரம். 1.4 வேகம் தந்தால் 12.96, மயிரிழையில் தப்பிக்கிறது, ஹப்பும் 1.4-க்கு ஒத்துழைத்தால். ஹப்பை எடுத்துவிட்டு யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு நேர் கேபிள் போட்டால் நான்கு தடமும் படத்துக்கே.

டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய அடாப்டர்களில் சும்மா வழிவிடும் வகை, மாற்றித்தரும் வகை என்று இரண்டு. முதல் வகையின் பழைய ரகம் 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 1920×1200க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதன் அடுத்த ரகம் 300. 4கே 30 ஹெர்ட்ஸ் வரை. 4கே 60-க்கு 'ஆக்டிவ்' என்று குறித்த அடாப்டர் வேண்டும்.

சில டாக்குகள் (பல இணைப்புகளை ஒரே கேபிளில் தரும் பெட்டிகள்) டிஸ்பிளேலிங்க் முறையில் படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தகவலாக அனுப்புகின்றன. வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது கட்டம் கட்டமாகக் குழைந்து, நின்றதும் தெளிந்தால் அது சுருக்கத்தின் வேலை. அந்த டாக்கில் அதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

அறிகுறி: வெள்ளைப் பொட்டுகள் மின்னுகின்றன, திரை நொடிக்கணக்கில் இருண்டு திரும்புகிறது

கேபிள். இருண்ட படத்தில் நட்சத்திரம் சிதறினாற்போல் பொட்டு தெரிந்தால் எச்டிஎம்ஐயில் பிட்டுகள் தவறிப் போகின்றன. டிஸ்பிளேபோர்ட் பொட்டு காட்டுவதைவிட, இணைப்பை இழந்து மறுபடி வேகம் பேசிக்கொள்ளத் தொடங்குவதே அதிகம். அப்போது திரை இருளும். உறுதிப்படுத்த எளிய வழி: ரிஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற எண்) 60-லிருந்து 30-க்கு இறக்குங்கள். கோளாறு மறைந்தால் கேபிளால் வேகத்தைத் தாங்க முடியவில்லை.

எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது. பார்க்க வேண்டியது உறையில் ஒட்டிய சான்று லேபிள்: 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 கிகாபிட்டுக்கு, 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48-க்கு. 2 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் கவலை குறைவு. 5 மீட்டருக்கு மேல் 4கே 60 வேண்டுமென்றால் ஆக்டிவ் அல்லது ஆப்டிகல் கேபிள். அவற்றுக்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' முனை கம்ப்யூட்டரில், 'டிஸ்பிளே' முனை மானிட்டரில். மாற்றிச் செருகினால் படமே வராது.

நாற்காலியிலிருந்து எழுந்தாலோ உட்கார்ந்தாலோ திரை இருள்கிறதா? பிரமை இல்லை. வாயு உருளை வைத்த சுழல் நாற்காலிகள் அழுந்தும்போது நிலைமின் பொறி எழுந்து, கவசம் போதாத கேபிளில் குறுக்கீடாக நுழைகிறது. நல்ல கவசமுள்ள, நீளம் குறைந்த கேபிள் போட்டு, இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டினால் நிற்கும்.

அறிகுறி: மினுங்கல்

மெனுவும் சேர்ந்து மினுங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரைட்னஸைக் குறைத்தால் கண் வலிக்கிறது என்றால் பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றும் முறை காரணமாக இருக்கலாம். பிரைட்னஸை 20-க்கு இறக்கி, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் விசிறி தெரிந்தால் பின்னொளி சீராக எரிகிறது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் அணைந்தெரிகிறது. பிரைட்னஸை உயரே வைத்து, அறையின் வெளிச்சத்தையும் கூட்டிக்கொள்வதே தீர்வு. டிரைவரில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து இருட்டாக்கும் வழியைப் பலர் சொல்வார்கள். நிறப்படிகள் நாசமாகும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மெல்லிய கிடைக்கோடுகள் மட்டும் துடித்தால் ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 'இன்டர்லேஸ்டு' (கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரையும் முறை) தேர்வாகியிருக்கும். விளையாட்டில் இருட்டுக் காட்சிகள் மட்டும் துடித்தால், அதுவும் விஏ (எல்சிடியில் ஒரு வகை) அல்லது ஓஎல்இடி பேனலில், மாறும் ரிஃப்ரெஷ் ரேட்டின் வேலை. ஃபிரீசிங்க் அல்லது ஜிசிங்க்கை அணைத்துப் பாருங்கள், அல்லது ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்காதபடி ஒரு வரம்பு வையுங்கள்.

அறிகுறி: நகரும் பொருளுக்கு வால்

'ரெஸ்பான்ஸ் டைம்' அல்லது 'ஓவர்டிரைவ்' மூன்று நான்கு படியாக இருக்கும். உச்சப்படி விளம்பர எண்ணுக்காக வைத்தது. அதில் வாலுக்குப் பதில் வெளிறிய எதிர்வால் தோன்றும். நடுப்படி வையுங்கள். கறுப்புப் பின்னணியில் மட்டும் ஊதா கலந்த கரித்தடம் இழுபட்டால் அது விஏ பேனலின் குணம்.

அறிகுறி: வானம் படிப்படியாகப் பட்டை விழுகிறது

டிரைவரில் காமா, கான்ட்ராஸ்ட், 'வைப்ரன்ஸ்' எல்லாம் இயல்புக்குத் திரும்பட்டும். அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் பிட் ஆழம் 6 என்று இருந்தால் 8-க்கு ஏற்றுங்கள். ஒரு வீடியோவில் மட்டும் பட்டை விழுந்தால் அந்த வீடியோவே அப்படிச் சுருக்கப்பட்டது.

அறிகுறி: கோடு, கறை, இருட்டு

மெனு மேலேயும் ஓடும் ஒற்றைச் செங்குத்துக் கோடு, பேனல் விளிம்பில் மெல்லிய இணைப்பு விட்டுப்போனதைக் காட்டுகிறது. சட்டத்தை அழுத்தினால் கோடு போய்வரும். ஆனால் அழுத்தி அழுத்திச் சரிசெய்ய முடியாது, கண்ணாடிதான் உடையும். வாரன்டி இருந்தால் மெனு தெரியும்படி புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். 'கேபிளை மாற்றிப் பாருங்கள்' என்று கம்பெனியால் திருப்பியனுப்ப முடியாது.

இருட்டில் மூலைகள் வெளிறித் தெரிவது வேறு. தலையை நகர்த்தினால் அந்த வெளிறலும் நகர்ந்தால் ஐபிஎஸ் (எல்சிடியில் இன்னொரு வகை) பேனலின் பளபளப்பு. இன்னும் 20 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்தால் குறையும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் பின்னொளிக் கசிவு. மாற்றித் தரக் கேட்கலாம்.

திரை முழுக்க இருண்டு, பவர் விளக்கு மட்டும் எரிந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகத் திரையில் அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளிதான் போய்விட்டது. பழைய மானிட்டர் போட்டதும் சில நிமிடம் மினுங்கி, சூடேறியதும் சரியாவது பவர் போர்டின் கெப்பாசிட்டர் உப்பியதன் அடையாளம். இந்த இரண்டும் பழுதுபார்க்கக் கூடியவைதான். ஆனால் உறையை நீங்களே கழற்றாதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டர் நேர்மின் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழல்விளக்குப் பின்னொளி உள்ள பழைய மானிட்டரானால், இயங்கும்போது அதன் இன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட் தரும். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது 'டார்ச் அடித்தால் படம் தெரிகிறது' என்று ஒரு வரி எழுதி ஒட்டி அனுப்புங்கள். பேனல் நலம், எங்கே திறக்க வேண்டும் என்பது அவருக்கு அதிலேயே புரிந்துவிடும்.